உனக்கு எந்தக் கிழமை?

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நீ சொல்லும் பதிலை நான் நம்பப் போவதில்லை என்பதால் அந்த வேலையை மிச்சப்படுத்துகிறேன். மாதத்துக்கு ஒரு கார்டு போடுகிறாய். "சௌக்கியம். வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்." உன் கார்டுகளை அம்மா சாமி மாடத்தில் அடுக்கி வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தால் ஒரே கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டது போல இருக்கிறது. ஆனால் உன் மனைவி கமலா போன வாரம் கவர் வாங்கி, நான்கு பக்கம் எழுதி, ஒட்டி அனுப்பியிருக்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். டீக்கடையில் பேப்பரை நாலு பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டித்தான் எனக்கு எழுத்துக் கூடியது. ஆகையால் இதை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நீ ஓரிடத்தில் உட்கார்ந்து படி. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு படிக்காதே.

கமலா தன் கடிதத்தின் கடைசியில், "நான் எழுதினேன்னு அவருக்குத் தெரிய வேணாம் மாமா" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். தெரியட்டும். புருஷன்மேல் அக்கறைப்பட்டு மாமனாருக்கு எழுதுவதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. இதற்காக அவள்மேல் நீ எரிந்து விழுந்தாய் என்று கேள்விப்பட்டேனானால், அடுத்த பெங்களூர் பஸ்ஸைப் பிடித்து ஓசூரில் வந்து இறங்குவேன். கால் நொண்டுகிறதே என்று பார்க்க மாட்டேன்.

ஓசூரில் நீ லாரிப் பட்டறை திறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கதவைச் சாத்தவில்லை என்று எழுதியிருக்கிறாள். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி நீ வராமல் போனது எங்களுக்கே தெரியும். ஆயுத பூஜை சங்கதி இப்போதுதான் தெரிந்தது. ஜாக்கி, ஸ்பேனர், சம்மட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் படுக்க வைத்து, இன்றைக்கு இவற்றைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொன்னாயாம். சொல்லிவிட்டு, வெளியே நின்ற லாரியின் டிரைவரிடம் அவருடைய சாமான்களையே வாங்கி அந்த லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தாயாம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதியிருக்கிறாள். ஒரு லாரியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்கு அடியில் முட்டுக் கட்டையும் கொடுத்திருந்தது. உன்னிடம் வேலை செய்த முனியப்பா வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ கழற்றிக்கொண்டிருந்தார். மத்தியானம். கமலா சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் வந்து நின்றாள். அவள் வந்ததைக்கூட நீ கவனிக்கவில்லை. கண் பாதி மூடியபடி நடந்து வந்தாய். உட்கார ஏதோ கிடைத்தது என்பது போல அந்த முட்டுக் கட்டையை இழுத்தாய், சுவரோரம் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாய், தலையைச் சாய்த்துவிட்டாய். கமலாவுக்கு அது என்ன கட்டை என்று தெரியாது. முனியப்பா போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே உருண்டு வந்தார். எழுந்து நிற்கக்கூட இல்லை. ஜாக்கி சறுக்கி லாரி தரையில் இறங்கியது. ஒரு சாண் தூரம்தான் என்று எழுதியிருக்கிறாள். அந்த இடத்தில் அவள் எழுத்து கோணிப்போயிருக்கிறது.

சத்தத்தில் நீ விழித்தாய். லாரிக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். நீ எல்லோர் முன்னாலும் முனியப்பாவைக் காட்டி, "கட்டை வெக்காம உள்ள பூந்திருக்காரு" என்றாய். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாய். நீ தெரிந்து சொன்னாயா, தூக்கக் கலக்கத்தில் அப்படித்தான் என்று நம்பிச் சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. கமலாவுக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் யோசித்துப் பார். லாரி இறங்கியபோது நீ எதன்மேல் உட்கார்ந்திருந்தாய்?

கமலாவின் கவர் வந்த மூன்றாம் நாள் முனியப்பாவே இங்கு வந்தார். சூளகிரிப் பக்கம் அவர் ஊர், உனக்குத் தெரியும். குருபரப்பள்ளியில் புளி மண்டியில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நடந்தே வந்திருக்கிறார். நம் வீட்டைக் கடந்து போகிறவரை, உன் பட்டறையில் பார்த்த முகம் என்று, நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இருபது வருஷம் இரும்பிலே புழங்கிய ஆள் மூட்டை தூக்கப் போகிறார். ஓசூரில் வேறு இரண்டு பட்டறைகளில் கேட்டாராம். கட்டை வைக்காத முனியப்பாவா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நீ சொன்னது அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

உன்மேல் நாலு வார்த்தை திட்டுவார், நானும் தலையை ஆட்டலாம் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "கட்டை வெச்ச மாதிரிதாங்க எனக்கு ஞாபகம்" என்றார். "ஆனா மொதலாளி வெக்கலேன்னு சொல்றாரு. அவருக்கு என்னாங்க, பொய் சொல்லணும்னு வேண்டுதலா? என் கைதான் மறந்துடுச்சாட்டம் இருக்குது. வயசாவுதில்ல." பிறகு அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "இப்பல்லாம் ஊட்டுக் கதவச் சாத்திக்கினு வந்தாகூட, சாத்துனேனான்னு திரும்பிப் போய்ப் பாக்கறேன். ரெண்டு வாட்டி பாக்கறேன். எம்பொண்டாட்டி சிரிக்கிறா." இதைச் சொல்லி அவரும் சிரித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மனிதன் தன் கையையே சந்தேகப்படும்படி செய்திருக்கிறாய். உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுந்து தொழுவத்துப் பக்கம் போய் நின்றேன். நின்றபோதுதான், உன்னைத் திட்டுவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று பட்டது. அது கெம்பனைப் பற்றியது.

கெம்பனுக்குப் பெயர் வைத்தவன் நீதான். செவலைக் கன்றாக வந்தது. பக்கத்துக் காட்டு நஞ்சப்பா அதைப் பார்த்து, "கெம்பு சென்னாகிதே", சிவப்பு நன்றாயிருக்கிறது, என்று கன்னடத்தில் சொல்ல, நீ அன்றிலிருந்து கெம்பன் என்று கூப்பிட ஆரம்பித்தாய். பிறகு அதற்கு ஜோடியாக மயிலையை வாங்கினேன். இரண்டும் சேர்ந்து எட்டு வருஷம் என் வண்டியை இழுத்தன. திங்கட்கிழமை மட்டும் கிடையாது. திங்கட்கிழமை பசவண்ணனுடைய, அதாவது நந்தியுடைய நாள், அன்று மாட்டுக் கழுத்தில் நுகத்தடி வைக்கக்கூடாது என்பது நஞ்சப்பா வீட்டு வழக்கம். இந்தப் பக்கத்தில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், நாம் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, நிழலில் கட்டிவிடுவோம். நீ சாணியை வாரிவிட்டு அதன் முதுகில் சாய்ந்துகொண்டு பாடம் படித்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பிறகு அணைக்கட்டு வேலை வந்தது. நீ அப்போது பெங்களூரில் மோட்டார் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தாய். சுற்றுப்பக்கத்து வண்டிகள் எல்லாம் கல் ஏற்றப் போயின. நானும் போனேன். நம் ஊர்க் குவாரியில் விடியற்காலை கல் ஏற்றினால் மத்தியானத்துக்குள் அணை நடக்கும் இடத்தில் இறக்கலாம். பொழுது சாயத் திரும்பிவிடலாம். அப்படி ஒரு வேலையை நான் ஆயுசில் கண்டதில்லை. இன்றைக்கு வண்டி உண்டா என்று யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வண்டி வந்தால் வேலை. கல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு வண்டி நின்றுவிடும் என்று எனக்குப் பயம். திங்கட்கிழமை வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. மாடு நிழலில் அசை போடுகிறது, நான் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடக்கிறேன், எவனெவன் வண்டி போகிறது என்று எண்ணுகிறேன்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். அஞ்செட்டி மலைப் பக்கம் போய், ஆலம்பாடி மாடு ஒரு ஜோடி பிடித்து வந்தேன். கருத்த மாடுகள், ரோட்டில் நிற்காமல் நடக்கும். திங்கட்கிழமை கெம்பனும் மயிலையும் ஓய்வு. அன்று வண்டியில் ஆலம்பாடி ஜோடி, மற்ற நாட்களில் இரண்டு ஜோடியும் மாறி மாறி. திங்கட்கிழமை நுகம் வைக்கிறாயே என்று நாலு பேர் கேட்டார்கள். "இதுங்களுக்கு வெசாழக்கெழமதான் திங்கக்கெழம" என்று சொன்னேன். வியாழக்கிழமை தவறாமல் அவற்றைக் கட்டி வைத்தேன், குளிப்பாட்டினேன், கொம்புக்கு எண்ணெய் போட்டேன். வழக்கத்தையும் மீறவில்லை, வண்டியும் நிற்கவில்லை என்று எனக்கு என்மேலே ஒரே மெச்சுதல். நஞ்சப்பா மட்டும் வேலியோரம் நின்று சிரித்தார். "ஏனப்பா, ரெண்டு ஜோடிக்கும் ஆளுக்கொரு திங்கக்கெழம குடுத்துட்டே. உனக்கு எந்தக் கெழம?" என்றார். இந்த ஆளுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

பதினொரு மாதம் அப்படி ஓட்டினேன். மாடுகளில் ஒன்றுகூட இளைக்கவில்லை. நான் இளைத்தேன். இளைத்ததுகூடப் பெரிதில்லை, மனம் கெட்டுப்போயிற்று. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அம்மா ஒன்று கேட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்பேன். அவள் அத்தை செத்ததற்குக்கூட அவளைத் தனியாக அனுப்பினேன். வண்டியில் உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டேன். கெம்பனுக்குத்தான் வழி தெரியுமே என்று அதற்கு ஒரு சாக்கும் இருந்தது. அது இடப்பக்கம் கட்டுகிற மாடு. அணை வேலைக்கு முன்பும் நாங்கள் போய்வந்த ரோடுதான், அதில் ஒரு புளியமரத்தடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அங்கே வந்தால் நான் சொல்லாமலே திரும்பும். ரோட்டிலிருந்து தொட்டிக்கு இறங்குகிற பாதை சரிவு. பாரம் ஏற்றிய வண்டியை இறக்கும்போது நான் முன்னதாகவே குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போவேன். இது எட்டு வருஷத்துப் பழக்கம், மாட்டுக்கும் எனக்கும்.

அன்றைக்கு நான் இறங்கவில்லை. நல்ல வெயில். தூங்கிக்கொண்டிருந்தேன். கெம்பன் வழக்கம்போல அந்த இடத்தில் திரும்பியது. அது எந்தத் தப்பும் செய்யவில்லை, மகனே. எட்டு வருஷமாக எங்கே திரும்பியதோ அங்கேதான் திரும்பியது. வண்டி சரிவில் சாய்ந்ததும் நான் திடுக்கிட்டு விழித்தேன். எங்கே இருக்கிறோம் என்றே புரியாமல் கயிற்றை வலப்பக்கம் வெட்டி இழுத்தேன். மாடுகள் என் பேச்சைக் கேட்டன, அதுதான் வினை. சக்கரம் பாதையை விட்டு ஏறி, வண்டி கவிழ்ந்து, கல் என் கால்மேல் விழுந்தது. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஓடிவந்து கல்லைப் புரட்டினார்கள். "என்னாச்சு, என்னாச்சு" என்றார்கள். வலியில் உயிர் போகிறது. அந்த நிலையிலும் என் வாய் ஒன்றைத் தேடி எடுத்தது. "மாடு மிரண்டுடுச்சு" என்றேன். கெம்பன் நுகத்திலிருந்து கழுத்தைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மிரண்ட மாடு நிற்குமா? அங்கே இருந்தவர்கள் எல்லோரும் மாடு வளர்க்கிறவர்கள். ஆனாலும் கால் நசுங்கிக் கிடக்கிறவனிடம் யார் வாதாடுவார்கள்?

தூங்கிவிட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன கேடு? இப்போது யோசித்தால் ஒன்றுமில்லை. யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பதினொரு மாதம் ஓயாமல் ஓட்டுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் கிடைத்திருந்தது. அந்தப் பெயரை விட மனம் வரவில்லை. ஓயாமல் உழைக்கிறவனுக்கு இப்படி ஒரு நோய் வருகிறது. தன்னிடம் தப்பு இருக்க முடியாது, இவ்வளவு பாடுபடுகிற என்னால் எப்படித் தப்பு நடக்கும் என்று அவனே நம்ப ஆரம்பிக்கிறான். தப்பு நடந்துவிட்டால் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் இறக்குகிறான். எனக்குப் பக்கத்தில் நின்றது மாடு. உனக்குப் பக்கத்தில் நின்றது முனியப்பா.

நீ பெங்களூரிலிருந்து என்னைப் பார்க்க ஓடிவந்தாய். காலைப் பார்த்தாய், பிறகு தொழுவத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கெம்பன் எங்கப்பா?" என்றாய். நீ வருவதற்கு இரண்டு நாள் முன்பே சந்தைக்கு அனுப்பியிருந்தேன். மிரளுகிற மாடு என்று பெயர் ஆகிவிட்டதால் ஏருக்கும் வண்டிக்கும் யாரும் கேட்கவில்லை. மேற்கே மந்தையாக ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் வாங்கினார்கள். அங்கே எதற்கு ஓட்டிப்போகிறார்கள் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "ஆகாத மாடு, வித்துட்டேன்" என்றேன். "அது மெரளாதேப்பா" என்று மட்டும் சொன்னாய். "என் காலு போச்சு, உனக்கு மாட்டுக் கவலையா?" என்று கத்தினேன். நீ வெளியே போய்விட்டாய். அதன் பிறகு நீ ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது.

நீ சொன்னதுதான் சரி. அது மிரளவில்லை. நான் தூங்கினேன்.

இதை முந்தாநாள் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "அந்த மாட்டுக்கு நானும் ஆகாத மாடுன்னு சொல்லித் தண்ணிகூடக் காட்டலியே, சந்தைக்குப் போற அன்னிக்கு" என்றாள். அதிலிருந்து இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். எனக்கு அது வேண்டியதுதான். என் பொய்யால் அவளையும் அப்படிச் செய்ய வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கால் கூடி வர ஏழு மாதம் ஆயிற்று. எலும்பு கோணலாகத்தான் ஒட்டியது. அந்த ஏழு மாதமும் படுத்துக்கொண்டு ரோட்டில் கல் வண்டிகள் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் போகாத ஒரு திங்கட்கிழமையால் அணை நின்றுவிடும் என்பது போலத்தானே ஓடினேன்? ஏழு மாதம் நான் இல்லை. அணை கட்டி முடித்துத் தண்ணீரும் தேக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. என் கல் எது, பிறர் கல் எது என்று ஒன்றும் தெரியவில்லை.

ஆலம்பாடி ஜோடியை விற்றுவிட்டு, மயிலைக்கு ஒரு ஜோடி சேர்த்து, இப்போது எருவும் புளியும் மட்டும் ஏற்றுகிறேன். திங்கட்கிழமை எனக்கும் திங்கட்கிழமைதான். ஆனால் சும்மா இருப்பது லேசு என்று நினைக்காதே. முதல் திங்கட்கிழமை நான் பட்ட பாடு இருக்கிறதே, கல் ஏற்றியபோதுகூட அவ்வளவு படவில்லை. காலையிலேயே கயிறு திரிக்க உட்கார்ந்தேன். அம்மா பிடுங்கிப் போட்டாள். வண்டி அச்சுக்கு மை போடலாம் என்று போனேன். அங்கேயும் வந்துவிட்டாள். "மாட்ட அவுத்து உட்டீங்க, உங்கள அவுத்து உட மாட்டீங்களா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். சரி என்று நஞ்சப்பா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்ததும், "ஓகோ, கெழம கெடச்சுட்டுதா!" என்றார். நாலைந்து வாரம் கை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, தூங்கி எழுந்தபோது, அம்மா கொல்லையில் அவரை விதை ஊன்றியிருப்பதைப் பார்த்தேன். எப்போது ஊன்றினாய் என்று கேட்டேன். "ஒவ்வொரு வருசமும் ஊனறேன்" என்றாள். அத்தனை வருஷமும் அவரைக்காய்ப் பொரியல் சாப்பிட்டிருக்கிறேன், கொடியைப் பார்த்ததில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அது மாட்டு வண்டி அப்பா, இது லாரி, பட்டை உடைந்த வண்டி ரோட்டில் நிற்கும்போது பட்டறையைப் பூட்டினால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான் என்பாய். போவான். முதல் மாதம் நாலு பேர் போவார்கள், முணுமுணுப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிழமை உன் பட்டறை திறந்திருக்காது என்று பழகிக்கொள்வார்கள். பெங்களூர் பஸ் இத்தனை மணிக்குத்தான் வரும் என்று தெரிந்துகொண்டு காத்திருக்கிறவர்கள்தானே? உன்கூடப் படித்த கோவிந்தன் பெங்களூரில் ஃபேக்டரிக்குப் போகிறான். அவனுக்குச் சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு, ஞாயிற்றுக்கிழமை லீவு. அவன் மேஸ்திரி கெட்டவன் என்று இங்கே வரும்போதெல்லாம் திட்டித் தீர்க்கிறான். நீ உனக்கு நீயே முதலாளி என்று பெருமையாகப் பட்டறை திறந்தாய், எனக்கும் பெருமைதான். ஆனால் கோவிந்தனுடைய மேஸ்திரிகூட ஒன்றரை வருஷம் ஒரு நாள் லீவு இல்லாமல் வேலை வாங்க மாட்டான். உன்னிடம் நீயே அப்படி வாங்குகிறாய். வேறு எவனாவது உன்னை அப்படி நடத்தியிருந்தால் நான் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

உன் கையில் இருப்பது இரும்பும் நெருப்பும் என்பதையும் யோசி. நான் தூங்கியபோது கவிழ்ந்தது ஒரு வண்டிக் கல். நீ தூங்கினால் இறங்குவது லாரி. கட்டை வைத்தோமா, கேஸ் மூடினோமா என்று பார்க்கிற கண்தான் உன் தொழிலுக்கு முதல் சாமான். ஜாக்கிக்கும் சம்மட்டிக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் பொட்டு வைத்து மரியாதை செய்தாய். அந்தக் கண்ணுக்கு என்ன செய்தாய்? நான் மாட்டுக் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு என் கண்ணை மறந்தேன், நீயும் அதே காரியத்தைச் செய்திருக்கிறாய். ஆயுத பூஜை சங்கதியைப் படித்தபோது கடிதத்தை மடித்து வைத்தது இதனால்தான். நல்லதாக நாலு குணம் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம். இது வந்திருக்கிறது.

எந்தக் கிழமை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். பசவண்ணன் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார். கிழமை முக்கியமில்லை, அதைப் பிடித்துக்கொள்வதுதான் முக்கியம். அன்றைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகிறேன் என்று கிளம்பாதே. பாக்கி இருக்கிற சின்ன வேலை ஒன்றே ஒன்று என்று கதவைப் பாதி திறக்காதே. அந்த ஒன்றே ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும். தூக்கம் வந்தால் தூங்கு. கமலா சோறு போட்டால் சூடாக இருக்கிறதா ஆறியிருக்கிறதா என்று தெரிகிற மாதிரி சாப்பிடு. மற்ற நாட்களிலும் மத்தியானம் அரை மணி நேரம் வண்டிகளை விட்டுத் தள்ளிப் போய்ப் படு, கட்டைமேல் உட்கார்ந்து கண்ணயராதே. முதலில் உனக்குக் கை அரிக்கும். அரிக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. முனியப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரை மண்டிக்குப் போக வேண்டாம் என்று சொல்லி நான்கு நாளாக இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மா என்னிடம் பேசாததற்கும் சேர்த்து அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவருக்குப் படிக்கத் தெரியாது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. "மறுபடி வேலைக்குக் கூப்புடுவாருங்களா?" என்று கேட்டார். "அவன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அத மொதல்ல கேளுங்க" என்று சொல்லியிருக்கிறேன். கட்டை எங்கே இருந்தது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவன் நீ, நான் இல்லை. அவரிடம் சொன்ன பிறகு, அன்றைக்குக் கத்திய லாரிக்காரரிடமும், அவரைத் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு பட்டறைகளிலும் நீயே போய்ச் சொல்ல வேண்டும். நான் எத்தனை சந்தைக்குப் போனாலும் கெம்பனிடம் சொல்ல முடியாது. அதன் பெயரைக்கூட என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நீ என்னைவிட அதிர்ஷ்டக்காரன். உன் ஆள் உயிரோடு இருக்கிறார், வாசலில் நிற்கிறார்.

இன்று காலை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன், வெயிலில் வந்திருப்பார். முதலில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு. பிறகு சொல்ல வேண்டியதைச் சொல். சொல்லி முடித்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து பட்டறைக் கதவைச் சாத்துங்கள். சாத்தினோமா என்று அவர் திரும்பிப் போய்ப் பார்க்கக் கிளம்பினால், "நல்லாத்தான் சாத்தியிருக்கீங்க முனியப்பா" என்று சொல்.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

அப்பா